அசுரனைக் கும்பிடுகிறவர்களா பார்சிகள்?

கேள்வி: பார்சிகளின் கடவுள் பெயர் அஹுரா மஸ்தா. அஹுரா என்றால் அசுரன். நம் தேவர்களை அவர்கள் பேய்ப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள், இந்திரனையும் சேர்த்து. அப்படியானால் புராணத்துத் தேவாசுர யுத்தம் நம் முன்னோருக்கும் பாரசீகருக்கும் நடந்த நிஜப் போர்தானே? தீமைக்கென்று தனியாக ஒரு கடவுளை வைத்திருப்பதை எப்படி நல்ல மதம் என்பது? ராயபுரத்தில் அவர்கள் கோயில் இருக்கிறதாமே, போய்ப் பார்க்கலாமா? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உங்கள் கேள்வியில் பாதி சரியாக இருப்பதுதான் தொந்தரவு. முழுக்கத் தப்பாக இருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

சரியான பாதி இது. அஹுராவும் அசுரனும் ஒரே சொல். சமஸ்கிருதத்து 'ச' இரானியப் பக்கம் போனால் 'ஹ' ஆகும். சோமம் அங்கே ஹவோமா, சப்த என்ற ஏழு அங்கே ஹப்த. தேவனுக்கு அவெஸ்தா மொழியில் (அவர்களுடைய வேத மொழி அது) 'தஏவ', பிற்காலப் பாரசீகத்தில் 'தீவ்'. பொருள் பேய். அவர்களுடைய வெண்டிடாட் என்ற நூலின் பெயரே 'தஏவர்களுக்கு எதிரான சட்டம்' என்பதன் மரூஉதான். அதில் விரட்டப்படும் பேய்களில் இந்திரன் இருக்கிறான். சௌர்வன், நாங்ஹைத்யன் என்று இன்னும் இருவர். நம் பக்கத்துச் சர்வனும் (ருத்திரனின் பெயர்) நாசத்தியரும் (அசுவினி தேவர்கள்)தான்.

இதை வைத்துக்கொண்டு இரு நாட்டுப் போர் ஒன்றைக் கட்டுகிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. ரிக்வேதத்தைத் திறந்தால் வருணன் அசுரன், அக்னி அசுரன், இந்திரனுக்கும் அதே அடைமொழி. மூன்றாம் மண்டலத்தில் ஒரு பாட்டு, 'தேவர்களின் அசுரத்தன்மை மகத்தானது, ஒன்றே' என்பதைப் பல்லவி மாதிரித் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அசுரன் கெட்டவனானது பிற்பாடு. அந்தப் பக்கம் போனால் மித்ரன் பேயாகவில்லை, வணங்கத்தக்கவனாகவே இருக்கிறான். யமன், யிமா என்ற முதல் அரசனாக இருக்கிறான். பின்னாளில் ஜம்ஷீத் என்று காவியத்தில் வருபவன் அவனே. வேடிக்கை என்னவென்றால், இந்திரனுக்கு விருத்திரஹன் என்று ஒரு பட்டம் உண்டல்லவா? அதே சொல் அங்கே வெரெத்ரக்னன், வெற்றிக்கான தெய்வம். ஆள் பேய், அவன் பட்டம் தெய்வம்! எதிரி நாட்டுச் சாமிகளைப் பேயாக்கக் கிளம்புகிறவன் இப்படிப் பாதிப் பேரை விட்டுவைத்துவிட்டா போவான்?

அது வீட்டுக்குள் நடந்த சண்டை. அந்த மதத்தை நிறுவிய ஜரதுஷ்டிரரே ஒரு புரோகிதர். தன்னை 'ஸவோதர்' என்கிறார். வேள்வியில் மந்திரம் ஓதும் நம் ஹோதாவின் உடன்பிறப்பு அந்தச் சொல். அவர் பாடியவை என்று கொள்ளப்படும் காதைகள் 17. அவற்றில் அவர் திட்டுவது அண்டை நாட்டானை அல்ல. பசுவைக் கொடுமைப்படுத்தும், வன்முறைக்கு மந்திரம் ஓதிக்கொடுக்கும் தன் ஊர்ப் பூசாரிகளையும் தலைவர்களையும்தான். தஏவர்கள் மேல் அவர் வைக்கும் குற்றச்சாட்டும் விசித்திரமானது. ஆதியில் இரட்டையராக இரண்டு ஆவிகள். ஒன்று எண்ணத்திலும் சொல்லிலும் செயலிலும் நல்லது, மற்றது கெட்டது. இரண்டில் எதன் பக்கம் என்று தஏவர்களும் கூடி யோசித்தார்களாம். யோசிக்கும்போதே மயக்கம் வந்து கவிந்தது, தவறானதைத் தேர்ந்துகொண்டு வெறியின் பின்னால் ஓடிவிட்டார்கள். யஸ்னா நூலின் முப்பதாம் அத்தியாயம் சொல்லும் கதை அவ்வளவுதான். அதாவது பேய் என்பது ஒரு குலமோ சாதியோ கிடையாது. தப்பாக முடிவெடுத்தவன் பேய்.

அந்தத் தப்புக்கு அவர்கள் வைத்த பெயர் 'த்ருஜ்'. பொய், வஞ்சகம். நீங்களும் நானும் தினமும் சொல்லும் 'துரோகம்' அதே வேரில் முளைத்து, சமஸ்கிருதம் வழியாக நம்மிடம் வந்த சொல். பேய்களைப் பற்றிப் பேசும்போது இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் போதும், கொம்பும் கோரைப்பல்லும் தேவைப்படாது. இரானின் பெஹிஸ்தூன் மலைப்பாறையில் பாரசீகத் தாரயவஹு மன்னன் (டேரியஸ் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்) கி.மு. 520-ஐ ஒட்டி வெட்டிய கல்வெட்டில், தன்னை எதிர்த்துக் கிளம்பியவர்கள் எல்லாரையும் 'பொய் சொன்னான்' என்றுதான் குற்றம் சாட்டுகிறான். அதில் அரசியல் இருக்கிறது, இல்லாமலா! தோற்றவனைப் பொய்யன் என்று எழுதிவைப்பது ஜெயித்தவனுக்கு எப்போதும் சௌகரியம். அவன் மகன் செர்க்சஸ் ஒரு படி மேலே போய், தஏவர்களின் வழிபாட்டிடம் ஒன்றை இடித்ததாகவும், இனி அவர்களை யாரும் வணங்கக் கூடாதென்று ஆணையிட்டதாகவும் பெருமையாக எழுதிவைத்திருக்கிறான்.

சரி, அந்தப் பேய்கள் எப்படி இருக்கும்? எனக்குப் பிடித்தது பூஷ்யான்ஸ்தா. நீண்ட கைகள் உடையவள். வேலை, விடியற்காலையில் வந்து மனிதர்களை மறுபடி தூங்கவைப்பது. 'தூங்கு, இன்னும் நேரம் ஆகவில்லை' என்பாள். அவளை எதிர்த்து நிற்கும் படைவீரன் யார் தெரியுமா? சேவல். வெண்டிடாட் அந்தச் சேவலுக்கு மரியாதையான புனிதப் பெயர் ஒன்று வைத்துவிட்டு, வாய்க்கொழுப்பு உள்ளவர்கள் அதைக் 'கஹ்ர்கதாஸ்' என்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்கிறது. நம் கொக்கரக்கோ மாதிரிதான். நீண்ட கையுள்ள பேய், கைபேசியின் அலாரத்தைத் தள்ளிப்போடும் எல்லார் வீட்டிலும் இருக்கிறாள். என் வீட்டில் தாராளமாக இருக்கிறாள்.

அடுத்தவன் அபவோஷன், வறட்சி. திஷ்த்ரியன் என்ற நட்சத்திரம் (சிரியஸ் என்கிறோமே, அது) பொன்காது உள்ள வெள்ளைக் குதிரையாகக் கடலுக்கு இறங்குகிறது, மழையைக் கிளப்ப. எதிரே அபவோஷன் கறுப்புக் குதிரையாக வருகிறான். காதில் மயிர் இல்லை, முதுகில் இல்லை, வால் மொட்டை. மூன்று பகல் மூன்று இரவு சண்டை. நட்சத்திரம் தோற்று ஓடுகிறது! ஓடிப்போய் முறையிடுகிறது: மனிதர்கள் என் பெயர் சொல்லிப் படைக்கவில்லை, எனக்குப் பலம் எங்கிருந்து வரும் என்று. உடனே அஹுரா மஸ்தா தானே அதற்குப் படையல் வைக்கிறார். பத்துக் குதிரை, பத்து ஒட்டகம், பத்துக் காளை, பத்து மலை, பத்து ஆறு, இத்தனையின் பலமும் ஏறுகிறது. மறுபடி இறங்கி, நடுப்பகலில் ஜெயிக்கிறது. கடவுளே ஒரு நட்சத்திரத்துக்குப் படைக்கிறார், மனிதன் சும்மா இருந்தால் மழை தோற்கும். இப்படி ஒரு கதையை வேறெங்கும் நான் படித்ததில்லை.

நசு என்பது பிணத்தின் பேய். உயிர் பிரிந்ததும் வடக்கிலிருந்து ஈ உருவத்தில் பறந்து வந்து உடலில் உட்காரும். அதை விரட்ட நாயைக் கூட்டிவந்து பிணத்தைப் பார்க்கவைப்பார்கள். கண்ணுக்கு மேலே இரண்டு புள்ளி உள்ள நாய், அதனால் 'நாலு கண் நாய்'. (அன்றே கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று உடனே அடுத்த செய்தியைப் பரப்பிவிடாதீர்கள். அவர்கள் ஈயைப் பார்த்தார்கள், அருவருத்தார்கள், அவ்வளவே.) நீரும் நெருப்பும் மண்ணும் புனிதம், அவற்றில் நசு படக் கூடாது. எரிக்காமல் புதைக்காமல் உயர்ந்த வட்டச் சுவருக்குள் கழுகுகளுக்கு விடும் வழக்கத்துக்குக் காரணம் அதுதான். மும்பை மலபார் குன்றில் இன்றும் அந்த இடம் உண்டு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்தால் கழுகுகள் செத்து ஒழிந்த பிறகு, சூரிய ஒளியைக் குவிக்கும் கண்ணாடிகளை வைத்துச் சமாளிக்கிறார்கள்.

ஏஷ்மன் என்ற வெறியைப் பற்றி ஒரு வரி: ரத்தம் தோய்ந்த தடியோடு வருபவன், யூதர்களின் கதையில் அஸ்மோதேயு என்ற பேயாகக் குடிபெயர்ந்தவன் இவன்தான் என்பது பல அறிஞர்களின் கருத்து.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. தீமைக்கு ஒரு கடவுளா? இரட்டையரில் கெட்டவனுக்குப் பிற்காலப் பெயர் அஹ்ரிமான். அவனை அவர்கள் வணங்குவதில்லை ஐயா. பழைய ஏடுகளில் அவன் பெயரைத் தலைகீழாக எழுதிவைப்பார்கள். இடுப்பில் கட்டும் குஸ்தி நூலை அவிழ்த்துக் கட்டும்போது, பிரார்த்தனையில் அவன் பெயர் வரும் இடத்தில் நூலின் நுனியை உதறுவார்கள். கடவுளுக்குச் செய்கிற காரியமா இது?

இதே கேள்வியை பம்பாயில் ஜான் வில்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1843-இல் புத்தகம் போட்டே கேட்டார். உங்களுடையது இரட்டைக் கடவுள் மதம் என்று அவர் அடித்த அடியில் பார்சிகள் ஆடிப்போனார்கள். பிறகு பூனாவில் பேராசிரியராக இருந்த ஜெர்மானியர் மார்ட்டின் ஹவுக் 1860-களில் கைகொடுத்தார். காதைகள் மட்டுமே ஜரதுஷ்டிரர் வாக்கு, அதில் இரட்டையர் இருவரும் அஹுரா மஸ்தாவுக்குக் கீழே, ஆகவே கடவுள் ஒருவரே என்றார். படித்த பார்சிகள் பலர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. பாதிரியாருக்குப் பதில் சொல்லும் அவசரத்தில் தங்கள் சொத்திலேயே கனமான ஒன்றைக் கைவிட்டுவிட்டார்களோ என்று தோன்றுகிறது.

அந்தச் சொத்து, உலகப் படைப்பைச் சொல்லும் புந்தஹிஷ்ன் என்ற நூலில் இருக்கிறது. மேலே ஒளியில் ஓர்மஸ்த் (அஹுரா மஸ்தாவின் பிற்காலப் பெயர்), கீழே இருளில் அஹ்ரிமான், நடுவே வெட்டவெளி. உலகத்தின் ஆயுள் மொத்தம் 12,000 ஆண்டு. ஓர்மஸ்த் 21 சொல் கொண்ட அஹுனவர் மந்திரத்தைச் சொல்ல, அஹ்ரிமான் மயங்கி 3,000 ஆண்டு கிடக்கிறான். எழுந்தவன் வானத்தைத் துளைத்து உள்ளே பாய்கிறான். தண்ணீர் உப்பாகிறது, செடி வாடுகிறது, நெருப்புக்குப் புகை வருகிறது. ஆனால் உள்ளே வந்தவன் வெளியே போக முடியவில்லை. வானம் கவசம் பூண்ட வீரனாக வழியை மறித்து நிற்கிறது. இந்த உலகமே அவனைப் பிடிக்க வைத்த பொறி. உடம்பும் மண்ணும் கடவுளின் படைப்பு, அவற்றை வெறுக்க வேண்டியதில்லை. பட்டினி கிடப்பவனைவிட வயிறாரச் சாப்பிட்டவன் மேல் என்கிறது வெண்டிடாட். விதைப்பவன் அறத்தை விதைக்கிறான் என்றும் சொல்கிறது.

ஒன்பதாம் நூற்றாண்டில் மர்தான் ஃபர்ருக் என்ற ஜரதுஷ்டிர மத அறிஞர் மற்ற மதத்தாரை நேரடியாகவே மடக்கினார். எல்லாம் வல்ல ஒரே கடவுள்தான் எல்லாவற்றையும் செய்தார் என்றால் தன் எதிரியையும் அவரேதானே செய்தார்? செய்தவர் எப்படி நல்லவர்? இதற்கு மற்றவர்கள் சோதனை, மறைபொருள் என்று எதையோ சொல்லித்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது. இவர்கள் கடவுளின் வல்லமையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, நல்ல குணத்தில் கைவைக்காமல் விட்டார்கள். குழந்தை செத்த வீட்டில் போய் 'ஆண்டவன் சித்தம்' என்று சொல்ல வேண்டிய கட்டாயம் ஒரு பழைய காலத்துப் பார்சி குருவுக்கு இல்லை. அது எதிரி செய்த வேலை. நரகம்கூட நிரந்தரம் இல்லை. கடைசியில் உருகிய உலோகம் ஆறாக ஓடும், எல்லாரும் அதில் இறங்கியாக வேண்டும். நல்லவனுக்கு வெதுவெதுப்பான பால் மாதிரி இருக்குமாம். மற்றவனும் வெந்து, சுத்தமாகிக் கரையேறுவான்.

இத்தனை சொன்னதால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பேய் எங்கும் இருக்கிறது என்று ஆரம்பித்தால் தீட்டும் எங்கும் இருக்கும். மாதவிலக்கான பெண் நெருப்பிலிருந்து 15 காலடி தள்ளி இருக்க வேண்டும் என்று அளந்து சொல்வதும் அதே வெண்டிடாட்தான். பாம்பு, தேள், தவளை, எறும்பு எல்லாம் அஹ்ரிமான் படைப்பு, கொன்றால் புண்ணியம். மாகியர் என்ற பாரசீகப் பூசாரிகள் இப்படி எறும்பையும் பாம்பையும் கொல்வதைக் கிரேக்கரான ஹெரோடோடஸ் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். தவளை என்ன பாவம் செய்தது?

ராயபுரம் விஷயம். கோயில் இருப்பது உண்மை, 1910-இல் திறந்தது. நீங்கள் உள்ளே போக முடியாது. இங்குள்ள அவர்களுடைய நெருப்புக் கோயில்களில் பிற மதத்தாரை அனுமதிப்பதில்லை. 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க அவர்கள் 57,264 பேர், சென்னையில் வெகு சிலர். வாசலில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே காவலுக்கு இருப்பவரிடம் தேவாசுர யுத்தம் பற்றி மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள்.