மாநாட்டுக்குப் போனால் வேலை கிடைக்குமா?

மும்பையில் நடந்த குரல் கலைஞர்கள் கூட்டம் ஒன்றுக்குப் போய் வந்ததைப் போன மாதம் இந்தப் பக்கத்தில் நாலு வரியில் சொல்லியிருந்தேன். அவ்வளவுதான், இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. சினிமா டப்பிங் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த மாதம் பார்த்துக்கொள்வோம்.

அக்கா, மூன்று வருடமாக வீட்டிலிருந்தே வாய்ஸ் ஓவர் செய்கிறேன். இ-லேர்னிங் பாடங்கள், யூடியூப் விளம்பரங்கள், இரண்டு நகைக்கடை விளம்பரங்கள் செய்திருக்கிறேன். அமெரிக்காவில் வருடா வருடம் நடக்கும் வி.ஓ. (வாய்ஸ் ஓவர்) அட்லாண்டா மாநாட்டுக்குப் போக ரொம்ப ஆசை. சீட்டுப் பணம் வரப்போகிறது, அதை எடுத்துப் போகலாமா? போனால் வெளிநாட்டு வேலை கிடைக்குமா?
— ஒரு வாசகி, கோவை

கிடைக்காதம்மா. அந்த நம்பிக்கையில் சீட்டுப் பணத்தில் கை வைக்காதீர்கள். அங்கே போய் ஏதோ ஓர் அதிர்ஷ்டத்தில் வேலையோடு திரும்பியவர்கள் இருக்கலாம், ஆனால் அதை நம்பிக் கடன் வாங்க முடியாது.

அட்லாண்டா மாதிரி, லண்டனில் நடக்கும் ஒன் வாய்ஸ் மாதிரிப் பெரிய மாநாடுகளில் விளம்பரத்துக்கு ஒரு அறை, அனிமேஷனுக்கு ஒரு அறை, ஆடியோ புத்தகம், கேம், வீட்டு ஸ்டுடியோ, வியாபாரம் என்று ஒரே நேரத்தில் பல வகுப்புகள் ஓடும். குரல்களைத் தேர்ந்தெடுக்கும் காஸ்டிங் டைரக்டர்களும், வேலை பிடித்துக் கொடுக்கும் ஏஜென்டுகளும் வருவார்கள். ஆனால் பெரிய ஹாலில் உட்கார்ந்து கேட்பது ஒன்று, பத்துப் பதினைந்து பேரோடு அவர்கள் முன்னால் மைக்கில் படித்துக்காட்டித் திருத்தம் வாங்குவது இன்னொன்று. இரண்டாவதற்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம். நுழைவுச் சீட்டு விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் அங்கே போய் விழிக்க வேண்டியிருக்கும்.

அதைவிட முக்கியம், அந்த ஏஜென்டுகள் தேடுவது அமெரிக்க ஆங்கிலம் பேசும் தொண்டையை. தமிழ்க் குரல் வேண்டுமென்றால் அவர்கள் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்கு மெயில் போடுவார்கள், அந்த நிறுவனம் மும்பையிலோ பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கும் ஒரு ஸ்டுடியோவைக் கேட்கும், ஸ்டுடியோ கோ-ஆர்டினேட்டர் தன் போனில் இருக்கும் நம்பர்களைக் கூப்பிடுவார். உங்கள் நம்பர் இருக்க வேண்டிய இடம் அந்தப் போன்தான். ஆடியோ புத்தக வகுப்புகளிலும் இதே கதைதான். அங்கே பாதிப் பேச்சு, புத்தகக்காரர்களையும் படிப்பவர்களையும் சேர்த்துவைக்கும் ஏசிஎக்ஸ் என்ற ஆடியோ புத்தக இணையதளத்தைச் சுற்றியே இருக்கும், ஆனால் அது அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து இந்த நான்கு நாட்டில் வசிப்பவர்களுக்குத்தான் திறந்திருக்கிறது. கோவையில் இருந்துகொண்டு ராயல்டி பங்கீடு பற்றி நோட்டு நிறைய எழுதி என்ன செய்வீர்கள்? அமெரிக்க விசாவையும் மறந்துவிடாதீர்கள். விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், நேர்காணலில் இல்லையென்று சொல்லிவிட்டால் அந்தப் பணம் திரும்பாது.

அப்படியென்றால் நான் ஏன் மும்பைக்குப் போனேன் என்று கேட்பீர்கள். நியாயம்தான். இரண்டு நாள் வகுப்புகளில் கேட்டதில் முக்கால்வாசி இப்போது நினைவில்லை. நினைவிருப்பது சாப்பாட்டு வரிசையில் பின்னால் நின்ற ஒரு மலையாளக் கலைஞர். பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, ஒரு சோப்பு விளம்பரத்துக்கு நான் தமிழும் அவர் மலையாளமும் பேசியிருக்கிறோம். அவர் வாங்கியது என்னைப்போல் இரண்டு மடங்கு. அதுகூடப் பரவாயில்லை, விளம்பரம் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியதும் புதுப்பிப்புத் தொகை என்று தனியாக பில் அனுப்பி வாங்கியிருக்கிறார். நான் அதே விளம்பரத்தை மூன்று வருடம் டிவியில் பார்த்து, 'அட, நம்ம குரல்' என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன்! தட்டில் பருப்பு ஆறிப்போனது. அன்றிலிருந்து 'எத்தனை மாதம், எந்தெந்த ஊடகம்' என்று கேட்காமல் நான் மைக் முன்னால் நிற்பதில்லை. இதைச் சொல்லிக்கொடுக்க எந்த வகுப்பிலும் ஆள் வைக்கவில்லை. எட்டு மாதம் கழித்து அதே அம்மா ஒரு வேலைக்கு என் பெயரைச் சொன்னார், அது தனிக் கதை.

உங்களுக்கு என் யோசனை: முதலில் ரயிலில் போய்வரக்கூடிய தூரத்தில் நடக்கும் கூட்டம் எதற்காவது போங்கள். அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஃபேன், ஏசி எல்லாம் அணைத்துவிட்டு உங்கள் அறையில் ஒரு நிமிடம் வெறுமனே ரெக்கார்ட் செய்து பாருங்கள். ரெக்கார்டிங் மென்பொருள் காட்டும் இரைச்சல் அளவு மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இல்லையென்றால் சீட்டுப் பணம் போக வேண்டிய இடம் அந்த அறைதான். பீரோ நிறையப் புடவை இருக்கும் அறையைவிட நல்ல ஸ்டுடியோ நம் வீடுகளில் கிடையாது, இரண்டு பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்தால் இன்னும் நல்லது. மைக் பற்றி அப்புறம் கவலைப்படலாம்.

ஆன்லைன் நுழைவுச் சீட்டு எடுத்து மாநாட்டை வீட்டிலிருந்தே பார்க்கலாமா?
— திருச்சி வாசகர்

பார்க்கலாம், ஆனால் ரெக்கார்டிங் எத்தனை நாள் கிடைக்கும் என்று கேட்டுவிட்டு எடுங்கள். அட்லாண்டாவில் கோடைக்கால நேரம் நடக்கும்போது நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். அங்கே காலை பத்து என்றால் இங்கே ராத்திரி ஏழரை, அங்கே சாயங்காலம் ஐந்துக்கு முடியும்போது நமக்கு விடிகாலை இரண்டரை. மூன்று நாள் இப்படி முழித்தால் நான்காம் நாள் குரல் தகர டப்பா மாதிரி இருக்கும். அன்றைக்குப் பார்த்து ஒரு ஆடிஷன் வரும்.

நான் பள்ளி ஆசிரியை. பகுதி நேரமாக ஆடியோ கதைகள் படிக்கிறேன். மைக் முன்னால் பயமில்லை, ஆனால் மனிதர்கள் முன்னால் பேச வராது. இப்படிப்பட்ட கூட்டங்களில் யாரிடம் போய் என்ன சொல்வது?
— தஞ்சாவூர்

உங்களை மாதிரி ஆட்கள்தான் அங்கே அதிகம் டீச்சர். தனியறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துப் பேசிப் பிழைக்கிறவர்கள் எல்லோரையும் ஒரு ஹாலில் அடைத்தால் எப்படி இருக்கும்? முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் போனைத் தடவிக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் போய் 'எந்த மொழியில் பண்றீங்க?' என்று கேட்டால் போதும், எதிராளி உங்களைக் கும்பிடாத குறையாகப் பேசுவார்.

உங்களைப் பற்றிச் சொல்ல ஒரு வாக்கியம் மட்டும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 'நான் வாய்ஸ் ஆர்ட்டிஸ்ட்' என்பது அந்த ஹாலில் ஒன்றுமே சொல்லாததற்குச் சமம், அங்கே டீ கொடுப்பவரைத் தவிர எல்லோரும் அதுதான். 'தமிழில் குழந்தைகளுக்கான கதைகள் படிக்கிறேன், ஒரே ஆளாக ஏழெட்டுக் குரலில்' என்று சொன்னால் மறக்க மாட்டார்கள்.

டெமோவை, அதாவது உங்கள் குரல் மாதிரிப் பதிவை, போனில் போட்டுக் காதில் திணிக்காதீர்கள். நான் போன கூட்டத்தில் ஒரு தம்பி லிஃப்டில் ஒரு காஸ்டிங் டைரக்டரை மடக்கி டெமோவை ஓடவிட்டுவிட்டார், ஐந்தாவது மாடியிலிருந்து தரைத்தளம் வரை 'இப்போது மிகக் குறைந்த விலையில்!' அந்த மனிதர் சிரித்துக்கொண்டேதான் இறங்கினார், ஆனால் அடுத்த நாள் அந்த லிஃப்டில் அவரை நான் பார்க்கவில்லை, படிக்கட்டில்தான் பார்த்தேன். யாராவது கேட்டால் லிங்க் அனுப்புங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், விளம்பரம் தனி, கதை தனி.

பயிலரங்கம் ஒன்றில் என் தமிழில் நாகர்கோவில் வாடை அடிக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்கள். மனசு ஆறவில்லை.
— பெயர் வேண்டாம்

சொன்ன விதம் தப்பு, சொன்னதில் பாதி சரி. வங்கி விளம்பரத்துக்கும் மருத்துவப் பாடத்துக்கும் எந்த ஊர் என்று தெரியாத தமிழைத்தான் கேட்பார்கள். அதைப் பழகிக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் ஊரைத் தொலைத்துவிட்டு அல்ல. உரம், விதை, மீனவர் நலம் என்று வட்டாரத் தமிழ் கேட்டு வரும் வேலைகள் உண்டு, ஆடியோ நாடகங்களில் இன்னும் அதிகம். அங்கே சென்னைக்காரர்கள் நாஞ்சில் தமிழ் பேச முயல்வதைக் கேட்டிருக்கிறீர்களா? அதற்கு உங்களிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும். வேண்டும்போது ஊரைப் போடவும் வேண்டாதபோது எடுக்கவும் தெரிந்தால் டெமோவில் இரண்டையும் வையுங்கள்.

வெளிநாட்டு வகுப்புகளில் எல்லோரும் ஒரு வார்த்தைக்கு இவ்வளவு என்று ரேட் சொல்லச் சொல்கிறார்கள். அப்படியே செய்கிறேன், ஆனால் கட்டுப்படியாகவில்லை. எங்கே தப்பு?
— சேலம் வாசகர்

தப்பு உங்களிடம் இல்லை, கணக்கு ஆங்கிலத்துக்குப் போட்டது. 'வில் ஹேவ் டு பி ரீஇன்ஸ்டால்டு' என்பது ஆங்கிலத்தில் ஐந்து வார்த்தை. தமிழில் 'மீண்டும் நிறுவவேண்டியிருக்கும்', இரண்டே வார்த்தை. ஆனால் சொல்லிப் பாருங்கள், நேரம் குறைகிறதா? கூடத்தான் செய்கிறது. ஒட்டி ஒட்டி நீளும் மொழி நம்முடையது, வார்த்தைக்குக் காசு என்றால் சந்தி சேரச் சேர நமக்கு நஷ்டம். எண்கள் இன்னும் மோசம். ஸ்கிரிப்டில் 1,47,565 என்று இருப்பதைக் கம்ப்யூட்டர் ஒரே வார்த்தை என்று எண்ணும். நீங்கள் 'ஒரு லட்சத்து நாற்பத்தேழாயிரத்து ஐந்நூற்று அறுபத்தைந்து' என்று மூச்சுப் பிடித்துப் படிக்க வேண்டும், அதே காசுக்கு.

முடிந்த ஆடியோவின் நிமிடக் கணக்கில் ரேட் சொல்லுங்கள். வார்த்தைக் கணக்குதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஆங்கில மூலத்தின் வார்த்தைகளை எண்ணிக் கொடுக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஜிவிஏஏ (குளோபல் வாய்ஸ் ஆக்டிங் அகாடமி) ரேட் கைடு என்று ஒரு கட்டணப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அமெரிக்க ரேட், அப்படியே இங்கே யாரும் தர மாட்டார்கள், ஆனால் எதற்கெல்லாம் தனித்தனியாகக் காசு கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் இல்லை.

கம்பெனி அனுப்பிய ஒப்பந்தத்தில் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும், இனி வரப்போகும் தொழில்நுட்பத்திலும்' என்று இருக்கிறது. ஏ.ஐ.க்கு என் குரலைக் கொடுத்துவிடுவார்களோ என்று பயம். மாநாட்டில் இதைப் பற்றி என்ன பேசினார்கள்?
— சென்னை வாசகி

இதைத்தான் பேசினார்கள். எந்த வகுப்பு எந்தத் தலைப்பில் தொடங்கினாலும் கேள்வி நேரத்தில் இதில் வந்து நின்றது.

உங்கள் பயம் கற்பனை இல்லை. கனடாவைச் சேர்ந்த பெவ் ஸ்டாண்டிங் என்ற குரல் கலைஞர் மொழிபெயர்ப்பு வேலைக்கு என்று பதிவு செய்து கொடுத்த குரல் டிக்டாக்கில் எழுத்தைப் படிக்கும் குரலாக வந்துவிட்டது என்று 2021ல் வழக்குப் போட்டார், அதே வருடம் சமரசம் ஆனது. அமெரிக்காவில் கேம்களுக்குக் குரல் கொடுப்பவர்கள் ஏ.ஐ. பாதுகாப்பு கேட்டு 2024 ஜூலையில் ஆரம்பித்த வேலைநிறுத்தம் கிட்டத்தட்ட ஒரு வருடம் நீடித்தது. நம் நாட்டில் 2024ல் பாடகர் அரிஜித் சிங் போட்ட வழக்கில், அவர் குரலை ஏ.ஐ. மூலம் நகல் எடுப்பதற்கு மும்பை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அவர் பெரிய பெயர், நீங்களும் நானும் அவ்வளவு சுலபமாக நீதிமன்றம் போக முடியாது என்பது உண்மைதான். இன்னொரு பக்கமும் உண்டு. லால் சலாம் படத்தில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஐ. மூலம் பயன்படுத்தியபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிப் பணமும் கொடுத்ததாக ஏ.ஆர். ரஹ்மான் சொன்னார். கேட்டுச் செய்ய முடியும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

இப்போது உங்கள் தாளுக்கு வருவோம். அந்த மூன்று சொற்றொடர்களும் சும்மா அழகுக்குப் போட்டவை இல்லை. நமது பதிப்புரிமைச் சட்டத்தில் உரிமையை மாற்றிக்கொடுப்பது பற்றிய விதிகள் நிகழ்த்துக் கலைஞர்களின் உரிமைக்கும் பொருந்தும். எவ்வளவு காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த இடம் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, கையெழுத்துப் போடும்போது புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கும் ஒப்பந்தம் செல்லுபடியாக வேண்டுமானால் அந்த ஊடகத்தைத் தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும். அதனால்தான் அவர்கள் ஒவ்வொன்றையும் மறக்காமல் எழுதுகிறார்கள். அந்தச் சொற்றொடர்களை அடித்துவிட்டு, காலத்தையும் இடத்தையும் ஊடகத்தையும் நீங்கள் எழுதி அனுப்புங்கள். கூடவே ஒரு வரி: இந்தப் பதிவைக் குரல் நகல் எடுக்கவோ ஏ.ஐ. பயிற்சிக்கோ என் எழுத்துமூல அனுமதி இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. அமெரிக்காவின் நாவா என்ற குரல் நடிகர்கள் சங்கம் இதற்கு ஒரு மாதிரி வாசகமே தயாரித்து இணையத்தில் வைத்திருக்கிறது. தொகை பெரிதென்றால் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள், நான் வக்கீல் இல்லை.

'இது எங்க ஸ்டாண்டர்ட் ஃபார்மட் மேடம், மாத்த முடியாது' என்பார்கள். எனக்கும் சொன்னார்கள். 'சரி, அப்போ வேற ஆள் பாருங்க' என்று நான் சொன்ன மூன்று தடவையில் இரண்டு தடவை மாற்றினார்கள். மூன்றாவது தடவை உண்மையாகவே வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

கூட்டத்துக்குப் போய் வந்ததிலிருந்து தொண்டை கட்டிவிட்டது. ஏன் இப்படி?
— வேலூர்

நூறு குரல் கலைஞர்கள் ஒரு ஹாலில் பேசினால் பின்னே? சுற்றி இரைச்சல் ஏற ஏற நம்மை அறியாமல் நாமும் கத்துவோம், மேலே ஏசி காற்று வேறு. இரண்டு நாள் பேச்சைக் குறையுங்கள், கிசுகிசுப்பதும் வேண்டாம், அதுவும் தொண்டைக்குச் சுமைதான். ஆவி பிடியுங்கள், தண்ணீரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். குடிக்கும் தண்ணீர் குரல் நாண்களை நேராகப் போய் நனைப்பதில்லை, உடம்பு வழியாகத்தான் போய்ச் சேரும், அதனால் டேக்குக்கு முன்னால் ஒரு சொம்பு கவிழ்ப்பதில் பயனில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் போனால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள். அடுத்த தடவை ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ஹாலுக்கு வெளியே, வராந்தாவில் கூப்பிட்டுக் கேளுங்கள்.