கிட், கர்ல் கருவிகளில் பஃபர் ஓவர்ஃப்ளோ: வாசகர் கேள்விகள்

கோடு மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் என் லேப்டாப்பில் ஓடும் கருவிதானே, அதில் பஃபர் ஓவர்ஃப்ளோ (ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி எழுதும் பிழை) இருந்தால் எனக்கென்ன?

கிட் பிறர் எழுதியதையும் படிக்கிறதே! 2023 ஜனவரியில் வந்த 2.39.1 பதிப்பில் இரண்டு மோசமான ஓட்டைகளை அடைத்தார்கள். ஒன்று, கோப்புகளை எப்படிக் கையாள்வது என்று கிட்டுக்குச் சொல்லும் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பைப் படிக்கும் இடத்தில், மற்றது கமிட் (பதிவுசெய்த மாற்றம்) விவரங்களை விரும்பிய வடிவில் காட்டும் ஃபார்மட் பகுதியில். இரண்டிலும் அளவைக் கணக்கிடும் இன்டிஜர் (முழு எண்) எல்லை மீறி, ஒதுக்கிய நினைவகத்துக்கு வெளியே கை வைத்துவிடும். முன்பின் தெரியாத ரெப்போவை (கோடு கிடங்கை) குளோன் செய்பவர்கள், அதாவது நகலெடுப்பவர்கள், பழைய கிட்டை வைத்திருக்கவே கூடாது.

இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் கருவியின் ஓட்டை 8.4.0-வில் சரியானதாகப் படித்தேன். என் உபுண்டு 22.04 இன்னும் 7.81.0 என்றே காட்டுகிறது. ஆபத்தா?

அப்டேட்களை ஒழுங்காகப் போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். உபுண்டு, டெபியன் எல்லாம் பழைய பதிப்பை அப்படியே வைத்துக்கொண்டு திருத்தத்தை மட்டும் அதில் சேர்ப்பார்கள். முன் எண் மாறாது, பின்னால் வரும் பேக்கேஜ் எண்தான் ஏறும். பேக்கேஜின் சேஞ்ச்லாகில் (மாற்றப் பட்டியலில்) இந்த ஓட்டையின் அடையாள எண்ணான சிவிஇ-2023-38545 இருக்கிறதா பாருங்கள்.

அது என்ன ஓட்டை? சாக்ஸ்5 பிராக்ஸி (இடைநிலை சர்வர்) வழியாகப் போகும்போது ஹோஸ்ட் பெயர் 255 பைட்டைத் தாண்டினால், பெயரை பிராக்ஸிக்கு அனுப்பாமல் கர்ல் தானே முகவரியைத் தேட வேண்டும். பிராக்ஸி மெதுவாகப் பதில் தந்தால் அந்த முடிவு மறந்துபோய், நீளமான பெயரை அப்படியே பஃபரில் கொட்டிவிடும். 7.69.0 முதல் 8.3.0 வரை இது இருந்தது.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. லிப்கர்லை (கர்லின் நூலகம்) ஸ்டாட்டிக்காக, அதாவது தனக்குள்ளேயே சேர்த்து இணைத்த புரோகிராம்களும், எப்போதோ கட்டிய டாக்கர் இமேஜ்களும் (செயலியோடு அதற்குத் தேவையானவற்றையும் அடைத்த தொகுப்பு) சிஸ்டம் அப்டேட்டால் மாறாது. அவற்றை நீங்களேதான் மறுபடி பில்ட் செய்ய வேண்டும். தயவுசெய்து இந்த வாரமே ஒரு பட்டியல் எடுங்கள்.

சி மொழியில் ஸ்டிரிங்காப்பிக்குப் (strcpy) பதில் எஸ்டிஆர்என்காப்பி (strncpy) போட்டால் போதுமா?

போதாது. நகலெடுக்கும் ஸ்டிரிங் பஃபரை நிரப்பிவிட்டால், முடிவைக் குறிக்கும் பூஜ்ய பைட் கடைசியில் விழாது. எஸ்என்பிரிண்ட்எஃப் (snprintf) பயன்படுத்தி, அது திருப்பித் தரும் எண்ணையும் சரிபாருங்கள்.

என் புரோகிராமில் இருந்த இதே மாதிரி ஓட்டைக்கு பேட்ச் (திருத்தம்) எழுதிவிட்டேன், டெஸ்ட்டும் பாஸ். வெளியிடலாமா?

நினைவக மீறலை ஓடும்போதே பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு ஓட்டினீர்களா? ஒரு பைட் மீறி எழுதினால் சாதாரண பில்ட் பெரும்பாலும் சத்தமில்லாமல் பாஸ் ஆகிவிடும். அப்புறம், கிராஷ் ஆக்கிய அதே இன்புட்டை டெஸ்ட்டாகச் சேருங்கள். பேட்சை எடுத்துவிட்டு ஓட்டும்போது அது தோற்க வேண்டும்.