விடுபட்ட பெயர்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஈரோட்டில் இருக்கிறேன். உங்கள் கதைகளைச் சில ஆண்டுகளாகத்தான் படித்து வருகிறேன். அவற்றில் திரும்பத் திரும்ப வரும், அச்சுக் கோர்க்கும் கும்பகோணத்துக் கம்பாசிடர் உங்கள் தகப்பனார்தானா? எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது பழைய ‘ணை’யையும் ‘லை’யையும் வேட்டி மடிப்பில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார் என்று எழுதியிருந்தீர்களே, அது நடந்ததா? அப்பாவைப் பற்றி இவ்வளவு எழுதுகிற நீங்கள் அம்மாவைப் பற்றி ஏன் எழுதுவதே இல்லை? நாலு வயதில் பார்த்த மகாமகம் எப்படி இத்தனை துல்லியமாக நினைவில் இருக்கிறது?

வம்புக்காகக் கேட்கவில்லை. பேரப்பிள்ளைகள் படிக்கட்டும் என்று எங்கள் குடும்பக் கதையை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். பாகப்பிரிவினை வரை வந்து நின்றுவிட்டது. அதை எழுதினால் உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறான் என் தம்பி. உங்கள் வீட்டில் யாரும் தடுப்பதில்லையா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள ஐயா,

கம்பாசிடர் என் அப்பாதான். கும்பகோணம் பெரிய கடைத் தெருவை ஒட்டிய சந்தில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். இடது கையில் எழுத்தை வரியாக அடுக்கும் ஸ்டிக், எதிரே சாய்வாக நிறுத்திய, எழுத்துக்கு ஓர் அறை வைத்த கேஸ், தலைக்கு மேல் தாழத் தொங்கும் குண்டு பல்பு, நகக்கண்ணில் எப்போதும் மை. ஈய எழுத்து இடவலம் மாறித்தான் இருக்கும். அதை ஸ்டிக்கில் தலைகீழாக அடுக்க வேண்டும். அப்பாவின் கண் அதற்குப் பழகிப்போய், பேப்பர் படிப்பவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டே தலைகீழாக முழுச் செய்தியையும் படித்துவிடுவார். டீக்கடையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து பேப்பர் படிக்கப் பலருக்குப் பிடிக்காது. கதைகளில் தொழிலைப் பற்றி வருவதில் ஏறக்குறைய எல்லாமே அப்படியே எடுத்தது.

வேட்டி மடிப்பு நான் சேர்த்தது.

பெரியார் நூற்றாண்டை ஒட்டி 1978-இல் தமிழக அரசு அவருடைய எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது உங்களுக்கு நினைவிருக்கும். பதின்மூன்று எழுத்துகள் உருவம் மாறின. கேஸில் காலியானவை என்னவோ ஏழு அறைகள்தான். ‘ணொ’, ‘ணோ’ எல்லாம் பழைய ‘ணா’வுக்கு முன்னால் ஒரு கொம்பை வைத்துச் செய்துகொள்வது, ஆகவே ணா, றா, னா மூன்று, யானைத் துதிக்கைபோல் வளைவு போட்ட ணை, லை, ளை, னை நான்கு, அவ்வளவே. என் கதையில் வரும் மனிதர் அந்த எழுத்துகளுக்காகக் கண் கலங்குகிறார். என் அப்பாவுக்கு நிம்மதியாக இருந்தது. தமிழ் கேஸ் ஒரு பெரிய சங்கடம். உகரத்துக்கும் ஊகாரத்துக்கும் ஒவ்வொரு மெய்க்கும் தனித்தனி எழுத்து வேண்டும், அறைகள் பெருகிக்கொண்டே போகும், பாதி எட்டாத உயரத்தில் இருக்கும். ஏழு குறைந்தால் கைக்கு ஏழு வேலை மிச்சம். பழையவற்றை முதலாளி உடனே தூக்கிப் போடவும் இல்லை. எழுத்தைக் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்கியவர், தேயும்வரை ஓட்டினார். ஒரே கல்யாணப் பத்திரிகையில் மணமகன் வீட்டார் ‘னை’ பழைய மாதிரியும் பெண் வீட்டார் ‘னை’ புது மாதிரியுமாக வந்ததும் உண்டு. கடைசியில் எல்லாம் பழைய ஈயத்தின் விலைக்குப் போயிற்று. நான் மடிப்பில் முடிந்துவைத்தது, கதைக்கு அது தேவைப்பட்டதால். நிஜத்தில் அப்பாவின் மடிப்பில் பொடி மட்டை இருந்தது.

அந்த அச்சகத்தில் புத்தகம் எதுவும் அடித்த ஞாபகம் எனக்கு இல்லை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் நோட்டீஸ், பில் புக், கருமாதிப் பத்திரிகை. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் டிரெடில் அச்சு இயந்திரம் ராத்திரி ஒன்பது மணிவரை ஓடும். ஆடியிலும் மார்கழியிலும் மளிகைக் கடையில் கணக்கு ஏறும். கருமாதிக்கு மட்டும் மாதக் கணக்குக் கிடையாது. யாராவது சைக்கிளில் வந்து வாசலில் நின்று, மூன்று நாளில் வேண்டும் என்று ஒரு தாளை நீட்டுவார். இறந்தவர் படத்தை அச்சடிக்கப் பிளாக், அதாவது அச்சுக்கட்டை, செய்து வர நாளாகும் என்பதால் பெரும்பாலும் படமில்லாமல், கறுப்புக் கோடு கட்டி அடித்துக் கொடுப்பார்கள். கல்யாணத்துக்கு ஒரு பிள்ளையார் பிளாக் இருந்தது. தேய்ந்து தேய்ந்து பிள்ளையாருக்குத் தந்தமே போய்விட்டது. எங்கள் பக்கத்தில் பலருடைய கல்யாணம் அந்தப் பிள்ளையாரின் தலைமையில்தான் நடந்தது.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பத்திரிகை எழுதிக்கொண்டு வருகிற தாளில் ஒரு குடும்பத்தின் மொத்த ஜாதகமும் இருக்கும். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று போட்டு வரிசையாகப் பெயர்கள். பெரியப்பா முதலில் வர வேண்டும், தாய்மாமன் தனியாக வர வேண்டும், சித்தப்பா பெயர் அத்திம்பேருக்குக் கீழே போனால் பந்தியில் சண்டை. அப்பாவுக்கு அந்த ஊரில் பாதிக் குடும்பங்களை இப்படித் தெரியும். மூத்தவளின் கல்யாணத்தில் இருந்த சித்தப்பா இளையவளின் கல்யாணப் பத்திரிகையில் இல்லை என்றால் இடையில் என்னவோ நடந்திருக்கிறது என்று பொருள். இரண்டு வருடம் கழித்து அதே சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்கு அண்ணன் பெயர் மேலே ஏறிவிட்டால் கோர்ட்டில் ராஜியாகிவிட்டார்கள். ஒரு மனிதரின் கருமாதிப் பத்திரிகையை ஒரே வாரத்தில் இரண்டு வீட்டிலிருந்து வந்து தனித்தனியே அடித்துப் போனார்கள். இரண்டிலும் மனைவி பெயர் வேறு, பிள்ளைகள் பெயர் வேறு. இது எனக்கு அப்பா சொல்லித் தெரிந்ததில்லை. அச்சகத்தில் பைண்டிங் பார்த்தவர் அப்பா காலமான பிறகு சொன்னார். அப்பா வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. தாளில் இருப்பதைக் கோர்ப்பார். ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தால் கேட்காமலே சேர்த்துவிடுவார். ஆள் விட்டுப்போயிருந்தால் கேட்க மாட்டார்.

நான் அப்படி இல்லை, கேட்கிறவள். கதை எழுதுகிற எவருக்கும் விடுபட்ட பெயரின் மீதுதான் கண் போகும். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வது வேறு, அச்சேற்றுவது வேறு. உங்கள் கேள்விகளில் எதற்கு வாய் திறக்கலாம் என்று யோசித்தபோது எனக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது. ஒருவர் பத்துப் பேர் பார்க்கச் செய்தது, அதாவது வேலை, வரவு செலவு, சாப்பாடு, கோபம், ஊர் அறிந்த சண்டை, இவற்றை எழுத நான் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. என்னை நம்பி ஒருவர் சொன்னதை அவர் சரியென்று சொல்லாமல் எழுதுவதில்லை. செத்துப்போனவரானால் சரியென்று சொல்ல அவர் வர முடியாது; ஆகவே அது எழுதப்படாமலே கிடக்கும். செத்தவர்களைப் பற்றி எதையும் எழுதலாம் என்பது எழுதுகிறவர்கள் தங்கள் வசதிக்குச் செய்துகொண்ட சட்டம்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அம்மா இருக்கிறார், நன்றாக இருக்கிறார், நான் எழுதுவதையெல்லாம் படிக்கிறார். அப்பாவிடமிருந்து கற்ற புரூஃப் குறிகளோடு பென்சிலில் ஓரத்தில் திருத்தியும் வைக்கிறார். அவரைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டிருக்கிறேன். “உங்கப்பாவைப் பற்றி எழுதினால் அவர் எழுந்து வந்து பதில் சொல்லப்போவதில்லை. என்னால் சொல்ல முடியும், எனக்கு இஷ்டமில்லை” என்றார். இதற்குமேல் எனக்கு வாதாடத் தெரியவில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தையும் என் பதிலையும் படித்துக் காட்டினேன். அச்சகத்துக்காக வீட்டில் உட்கார்ந்து பத்திரிகை மடித்ததையும் கவர் ஒட்டியதையும் எழுதிக்கொள்ளலாம், நூற்றுக்கு எவ்வளவு கூலி என்பதை எழுதக் கூடாது என்று உத்தரவு. மைதாப் பசையில் துத்தம் கலந்ததைச் சொல்லலாமாம், இல்லையென்றால் பூச்சி அரிக்கும். ஆகவே என் அம்மாவைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ளக்கூடியது இப்போதைக்குப் பசையும் துத்தமும்தான்.

மகாமகம். 1980 மாசியில் நடந்ததைத்தான் எழுதினேன். குளத்தைச் சுற்றியுள்ள பதினாறு மண்டபங்களில் ஒன்றின் ஓரமாக, அப்பாவின் தோளில் உட்கார்ந்து, கீழே தண்ணீர் தெரியாமல் தலைகளாகத் தெரிந்ததைப் பார்த்தேன். அவருடைய தலையில் எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. மையைத் துடைக்க மண்ணெண்ணெய்தான். இதில் ஒரு வார்த்தையையும் மாற்ற மாட்டேன். தோளில் இருந்தது தான்தான் என்கிறார் அண்ணன். நான் அம்மா இடுப்பில் அழுதுகொண்டிருந்தேனாம். அவருக்கும் தலைகள் நினைவிருக்கின்றன, மண்ணெண்ணெய் வாசனையும் நினைவிருக்கிறது. அம்மா எங்கள் இருவரையும் பார்த்துச் சிரிக்கிறார். மகாமகத்துக்கு நோட்டீஸ் அடித்து மாளவில்லை, உங்கப்பா குளத்துப் பக்கமே வரவில்லை, கூட்டிப்போனது பக்கத்து வீட்டு மாமா என்கிறார். எந்த மாமா என்று கேட்டால் பெயர் வரவில்லை.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். அடுத்த மகாமகம் 1992-இல் வந்தது. அந்த நெரிசலில் ஐம்பது பேர் வரை இறந்தார்கள். அதற்குப் பிறகு ஊரில் யாரைக் கேட்டாலும் 1980-லும் பெரிய நெரிசல், மயிரிழையில் தப்பினோம் என்கிறார்கள். என் அண்ணனும் சொல்கிறார். 1992-க்கு முன்னால் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. துல்லியமாக இருக்கிறது என்று பாராட்டியிருக்கிறீர்கள். துல்லியமான நினைவு என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேறியதுதான் அத்தனை பளிச்சென்று இருக்கும். காகிதத்தில் இருந்தால் நம்பலாமா என்றால் அதுவும் இல்லை. என் பிறந்த தேதியாகச் சான்றிதழில் இருப்பது பள்ளியில் சேர்க்கும்போது வயது போதவில்லை என்று போட்டது. உங்களுக்கும் அப்படி ஒரு தேதி இருக்கலாம், நம் தலைமுறையில் பாதிப்பேருக்கு இருக்கிறது.

உங்கள் நோட்டுக்கு வருகிறேன். வீட்டில் தடுக்கிறார்கள், ஐயா. அண்ணன் ஒரு கதைக்காக என்னோடு ஒரு தீபாவளிவரை பேசாமல் இருந்தார். அந்தக் கதையை நான் திரும்பப் பெறவில்லை. அதில் இருந்தது ஊர் பார்த்த சண்டை, அவர் என்னிடம் மட்டும் சொன்னது எதுவும் இல்லை. பாகப்பிரிவினையையும் அப்படித்தான் பார்க்கிறேன். பத்திரம் பதிவாகியிருக்கும், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் இருப்பார்கள், அளந்து கல் நட்டதை ஊரே பார்த்திருக்கும். அதை மறைத்துவிட்டு எழுதினால் உங்கள் பேரப்பிள்ளைகள், சின்னத் தாத்தா வீட்டுக்கு ஏன் போவதில்லை என்பதற்குத் தாங்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வார்கள், அது நடந்ததைவிட மோசமாக இருக்கும். எழுதுங்கள். எந்த வயல் யாருக்கு, கிணற்றில் முறை எப்படி, அம்மாவின் நகை எங்கே போனது, பெண் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கணக்காக எழுதுங்கள். கடைசிக் கேள்வியை வேண்டுமென்றே சேர்க்கிறேன். கடிதத்தில் தம்பி வருகிறார், பங்கு வருகிறது, தங்கைகள் இருந்தார்களா என்றே தெரியவில்லை. இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். பாகப்பிரிவினையை அண்ணனும் தம்பியும் சொல்லிக் கேட்டால் அது இருவர் கதை. தங்கையைக் கேட்டால் அன்றைக்கு யார் சமைத்தார்கள் என்பதிலிருந்து தொடங்குவாள்.

தம்பி ஏன் அப்படிச் செய்தார் என்பதை மட்டும் எழுதாதீர்கள். அது உங்களுக்குத் தெரியாது. முப்பது வருடமாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அந்த இடத்தில் அரைப்பக்கம் காலியாக விட்டு, நோட்டை அவரிடம் கொடுங்கள், அவர் கையெழுத்தில் எழுதட்டும். எழுதாமல் திருப்பிக் கொடுத்தால் அந்த அரைப்பக்கம் காலியாகவே இருக்கட்டும். பேரப்பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு தகவல்தான்.

எழுதியதை எனக்கு அனுப்பலாமா என்று கடித உறையின் பின்புறத்தில் கேட்டிருந்தீர்கள். அனுப்புங்கள். தம்பி படித்த பிறகு.

அன்புடன்.