நாலாவது லைன்காரனின் சம்பளம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் ஐஸ் ஹொக்கி பற்றி எழுதுவதை வாசித்துத்தான் நானும் ஆட்டம் பார்க்கத் தொடங்கினேன். இப்போது வீட்டில் எனக்கும் மகனுக்கும் ஓயாத சண்டை. ரொறன்ரோ லீஃப்ஸ் அணி, ஆகக் குறைவாகக் களம் இறங்கும் நாலாவது லைன் ஆட்டக்காரன் ஒருவனோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம், "ஜேசன் ஸ்பெட்சாவைப் பார், ஊர் அணிக்காக அடிமட்டச் சம்பளத்துக்கு மூன்று முறை கையெழுத்துப் போட்டார், ஸக் ஹைமன் மாதிரிக் காசுக்கு ஓடவில்லை" என்று நான் சொல்வேன். மகன் சிரிப்பான். அவனுக்கு எல்லாமே எண் கணக்கு. 2021 இல் 38 வயதுக்காரருக்கு மறுபடியும் ஒப்பந்தம் கொடுத்தது சரியா? அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறபோது மற்ற வீரர்களும் அவரைப் போல விட்டுக்கொடுக்கலாம்தானே? இன்னொன்று, தமிழில் எழுத எவ்வளவோ இருக்க ஏன் இந்த விளையாட்டு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்ல?

(பெயர் வேண்டாம்)
ஸ்காபரோ

*

அன்புள்ள தம்பி,

நண்பர்களை முதலில் ஒதுக்கிவிடுவோம். கிரிக்கெட் பற்றித் தமிழில் எழுதினால் கேட்காதவர்கள் ஹொக்கி என்றதும் கேட்கிறார்கள் என்றால் அவர்களுக்குக் குளிர் பிடிக்கவில்லை, வேறொன்றுமில்லை. ஸ்பெட்சாவுக்கு ஒப்பந்தம் கொடுத்தது சரியா என்றால், சரிதான். முந்தைய சீசனில் 54 ஆட்டங்களில், கோலும் கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்த்து, 30 புள்ளிகள் எடுத்த ஒருவர், என்.எச்.எல். லீக்கின் ஆகக் குறைந்த சம்பளமான 750,000 டொலருக்குக் கிடைக்கிறார் என்றால் எந்த மனேஜர் வேண்டாம் என்பார்? உங்கள் மகனின் கணக்கும் அதையேதான் சொல்லும், கேட்டுப் பாருங்கள். இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நின்றுகொண்டு சண்டை பிடிக்கிறீர்கள்.

என்னைக் குத்தியது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த "விட்டுக்கொடுக்கலாம்தானே". கொஞ்ச நாளாக நானும் இதையேதான் மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெட்சாவைக் குறைத்துப் பேச என்னால் ஏலாது. மிசிசாகாவில் வளர்ந்த பொடியன், 2001 இல் அணிகள் புதுமுகங்களைத் தேர்ந்தெடுத்தபோது இரண்டாவது தேர்வாக ஒட்டாவாவுக்குப் போய், பிறகு டலஸுக்குப் போய், 36 வயதில் 700,000 டொலருக்கு ஊர் திரும்பினார். 2019 ஒக்டோபரில் சீசனின் முதல் ஆட்டமே பழைய அணியான ஒட்டாவாவுக்கு எதிராக, அதுவும் ரொறன்ரோவில். பயிற்சியாளர் மைக் பப்கொக் அன்று அவரை ஆடவிடாமல் வெளியே உட்கார்த்தி வைத்தார். அடுத்த மாதமே பப்கொக்கின் வேலை போனது, நான் ஒன்றும் கண்ணீர் விடவில்லை. 2021 ஜனவரியில் உச்சவரம்புக் கணக்குச் சரிக்கட்டுவதற்காக ஸ்பெட்சாவை வெயிவர்ஸ் என்ற பட்டியலில் போட்டார்கள். மற்ற 30 அணிகளில் எது வேண்டுமானாலும் ஒரு நாளுக்குள் அவரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். யாராவது எடுத்தால் அவர் ஆட்டத்தையே விட்டுவிடுவார் என்று அவர் தரப்பில் சொல்லிவிட்டார்கள். ஒருவரும் கை வைக்கவில்லை. அதற்கு அடுத்த மாதம் வன்கூவருக்கு எதிராக மூன்று கோல்! நோய்க்காலம், மூன்று கோலுக்கு வழக்கமாகச் செய்வதுபோல் தொப்பி கழற்றி எறிய அரங்கில் ஒரு சனம் இல்லை. அதற்கு முந்தைய கோடையில் கொலம்பஸுக்கு எதிராக அணி எழும்ப வழி தெரியாமல் நின்றபோது, சண்டை சச்சரவுக்கே போகாத அந்த மனிதர் 37 வயதில் கையுறையை உதறிவிட்டு டீன் கூக்கனோடு அடிபட்டதையும் பார்த்தேன். பழைய ஆட்டக்காரர் ஒருவர் இளம் பொடியன்களுக்கு முன்னால் அப்படி நிற்பதைப் பார்த்தால் மனம் இளகாமல் என்ன செய்யும்? 1000 புள்ளிகளுக்கு ஐந்து குறைய, 995 இல் நிறுத்திக்கொண்டார். இன்னொரு வருடம் ஆடியிருந்தால் எட்டியிருப்பார்.

எல்லாம் சரி. ஆனால் தியாகம் என்ற பேச்சை எடுக்காதீர்கள். ஒட்டாவாவில் ஆண்டுக்கு 7 மில்லியன், டலஸில் நாலு வருடம் 7.5 மில்லியன் என்று வாங்கி முடித்தவர் அவர். மடி நிறைந்தபின் பிடித்த வேலையைப் பிடித்த ஊரில் செய்ய வந்தார். அது அழகான விஷயம், அவருக்கு அந்த உரிமையும் உண்டு. அதையே அளவுகோலாக வைத்து மற்றவனை அளப்பதுதான் எனக்குப் பொறுக்காதது.

விட்டுக்கொடுத்த காசு எங்கே போகிறது என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? உச்சவரம்பு இல்லாத காலத்தில் ஒருவன் குறைத்து வாங்கினால் முதலாளிக்கு மிச்சம். 2004-05 சீசன் முழுவதையும் கதவடைப்பில் இழந்த பிறகு வந்த இந்த ஏற்பாட்டில் அப்படி இல்லை. லீக்கின் வருமானத்தில் ஆட்டக்காரர்களின் பங்கு இவ்வளவு என்று முதலே வகுத்தாயிற்று. லீஃப்ஸ் போன்ற பணக்கார அணி எப்படியும் உச்சவரம்பை முட்டத்தான் செலவழிக்கும். ஆகவே நாலாவது லைன்காரன் விட்டுக்கொடுக்கும் இரண்டு லட்சம் டொலர் "அணிக்கு" என்று ஒரு பெட்டிக்குள் போய் விழுவதில்லை. அதே அறையில், இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்து காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருக்கும் இன்னொருவனின் ஒப்பந்தத்தில் போய்ச் சேருகிறது.

2021-22 கணக்கைப் பாருங்கள். உச்சவரம்பு 81.5 மில்லியன். லீஃப்ஸின் நட்சத்திரங்களான மத்யூஸ் 11.63, தவாரெஸ் 11, மார்னர் 10.9, நைலாண்டர் 6.96. கூட்டினால் ஏறக்குறைய 40.5. நாலு பேர் பாதியை எடுத்துக்கொண்டு போக, மிச்சப் பாதிக்குள் மற்றப் பத்தொன்பது பேரும், அதில் பின்கள ஆட்டக்காரர்களும் கோல் காப்பவர்களும் அடக்கம். நோயினால் வருமானம் விழுந்து உச்சவரம்பு மூன்று சீசனாக அதே 81.5 இல் உறைந்து கிடந்தது. அந்த நாலு பேரைக் குற்றம் சொல்லவில்லை, தங்கள் விலையைக் கேட்டார்கள், கிடைத்தது. நான் கேட்பது ஒன்றுதான்: விசுவாசத்தை ஏன் எப்போதும் கீழே இருக்கிறவனிடம் மட்டும் கேட்கிறோம்? மார்னர் ஒரு மில்லியன் குறைத்திருந்தால் நாலாவது லைனில் நாலு பேருக்குக் கால் மில்லியன் கூடக் கொடுத்திருக்கலாம், அப்போதும் அவருக்கு 9.9 மில்லியன் மிஞ்சியிருக்கும். அதை நீங்கள் உங்கள் மகனிடம் சொன்னதுண்டா?

ஹைமனை ஓடினவன் என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, வெட்கமாக இல்லையா? ஹைமனும் ரொறன்ரோப் பிள்ளைதான். நாலு வருடம் 2.25 மில்லியனுக்கு, மூலைகளில் இடிபட்டு, பக் என்கிற ரப்பர் வட்டை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர். ஸ்பெட்சா கையெழுத்துப் போட்ட அதே 2021 கோடையில் அவருக்குக் கொடுக்க இங்கே இடமில்லை. எட்மன்டன் ஏழு வருடம், ஆண்டுக்கு 5.5 மில்லியன் கொடுத்தது. 29 வயது, முழங்கால் பற்றி ஆளுக்கொரு சோதிடம் சொல்லிக்கொண்டிருந்த நேரம். போகாமல் என்ன செய்வார்? 2023-24 இல் அங்கே 54 கோல் அடித்தார். உச்சவரம்பின் உண்மையான வேலை இதுதான். மேலே நட்சத்திரம் நிற்கும், கீழே அடிமட்டக்காரன் நிற்பான், நடுவில் இரண்டு மூன்று மில்லியனுக்குரிய உழைப்பாளிக்கு மட்டும் இடம் இருக்காது. கடைசியில் அவனையே துரோகி என்றும் சொல்வோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்காபரோவில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் இரவு வேலை பார்த்தேன். அங்கே நியூஃபவுண்ட்லாந்திலிருந்து வந்த கிழவர் ஒருவர் இருந்தார், ஓய்வு பெற்றவர், வீட்டில் இருக்கப் பிடிக்காமல் திரும்பி வந்து எங்களுக்குக் கொடுத்த அதே ஆரம்பச் சம்பளத்துக்கு வேலை செய்தார். ஹொக்கியை எனக்குக் கற்றுத் தந்தவர் அவர்தான், எண்ணெய்க் கறை பிடித்த ஒரு சின்ன ரேடியோவில். இயந்திரத்தின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து அதிர்வை வைத்தே கத்தி மழுங்கிவிட்டதைச் சொல்லிவிடுவார். அட்டையின் விளிம்பை நகத்தால் கீறிப் பார்த்து, "இன்னும் இருநூறு பெட்டி, அதற்கு மேல் கிழியும்" என்பார். கிழியும். கத்தி மாற்றும்போது தன்னிடமிருந்த ஒரே தடித்த தோல் கையுறையை என்னிடம் தந்துவிட்டுத் தள்ளி நின்று சொல்லித் தருவார்.

ஒருநாள் நாங்கள் சில பேர் சேர்ந்து சம்பளம் கூட்டிக் கேட்கப் போனோம். எனக்கு அப்போது வாடகை, ஊரில் தங்கச்சியின் கலியாணக் கடன். மேற்பார்வையாளர் எங்களை அலுவலகத்துக்குள் கூப்பிடக்கூட இல்லை, சாப்பாட்டு மேசையடியிலேயே நின்று, அங்கே உட்கார்ந்திருந்த கிழவரைக் காட்டினார். "முப்பது வருட அனுபவக்காரர் இந்தச் சம்பளத்துக்குச் சந்தோசமாக வருகிறார். உங்களுக்கு மட்டும் என்ன?" கிழவரின் காது இரண்டும் சிவந்துவிட்டன. அவர் சாண்ட்விச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களுக்கு அந்த வருடம் ஒரு சதமும் கூடவில்லை. அடுத்த கிழமை கிழவர், தன் மனைவி சுட்ட மொலாசஸ் ரொட்டியை எங்கள் எல்லாருக்கும் துண்டு துண்டாக வெட்டிக் கொண்டுவந்தார். நல்ல ரொட்டி, சாப்பிட்டோம். அவரில் எனக்கு இன்றைக்கும் அன்பு குறையவில்லை, ஆனால் எங்கள் கூலியை இறுக்கிப் பிடித்த ஆணி அவர்தான், அவருக்குத் தெரியாமலே.

ஸ்பெட்சாவைக் காட்டி மற்ற ஆட்டக்காரனிடம் "உனக்கு மட்டும் என்ன" என்று கேட்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த மேற்பார்வையாளரின் விரல்தான் ஞாபகம் வருகிறது. அதே விரலைத்தான் நீங்களும் நீட்டுகிறீர்கள்.

750,000 டொலர் வாங்குகிறவனுக்குப் பரிந்து பேசுவதா என்று கேட்பீர்கள். கேளுங்கள். மைனர் லீக்கில் பஸ்ஸில் அலைந்து 26, 27 வயதில் மேலே வருகிறவனுக்கு அந்தச் சம்பளம் இரண்டு சீசனோ மூன்று சீசனோ, அதுவும் நிச்சயமில்லை. உங்கள் ஸ்காபரோவில் பிறந்த மைக்கல் பண்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதே 2021 கோடையில் இரண்டு வருடத்துக்கு, ஆண்டுக்கு 950,000 டொலருக்கு வந்தார். முதல் சீசனிலேயே 23 கோல், 63 புள்ளிகள், சிறந்த புதுமுகத்துக்கான கடைசி மூன்று பேரில் ஒருவர். அடுத்த வருடமும் அதே 950,000 தான், ஒப்பந்தம் அப்படி. 2023 இல் கரோலைனா ஆண்டுக்கு 4.5 மில்லியன் கொடுத்தது, போனார். அவரையும் ஓடினவன் என்பீர்களா, இல்லை ஸ்காபரோக்காரர் என்பதால் மன்னிப்பீர்களா?

இன்னொரு கணக்கும் இருக்கிறது, மகனுக்குப் பிடிக்கும். 2021-22 இல் 81.5 மில்லியனாக இருந்த உச்சவரம்பு 2025-26 இல் 95.5 மில்லியன். அதே காலத்தில் அடிமட்டச் சம்பளம் 750,000 இலிருந்து 775,000. மேலே 14 மில்லியன் ஏறியபோது கீழே வெறும் 25,000. லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் செய்த புது ஒப்பந்தத்தின்படி 2026-27 இல் அடிமட்டம் 850,000 ஆகிறது, பிந்தியாவது யாரோ யோசித்திருக்கிறார்கள். மார்னரும் 2025 கோடையில் லாஸ் வேகஸுக்குப் போய்விட்டார், ஆண்டுக்கு 12 மில்லியன். அவர் போனதற்கு நீங்கள் எத்தனை நாள் திட்டினீர்கள் என்று தெரியாது, ஹைமனைத் திட்டிய அளவுக்கு இருக்காது என்று நினைக்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு சனிக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து ஆட்டம் பார்ப்போம். ஹைமனைப் பற்றி அந்த ஒரு வார்த்தை மட்டும் என் வீட்டில் வேண்டாம்.