கற்றரக்ட் வெட்டியவர் கண் தானம் செய்யலாமா?

அப்பாவுக்குக் கற்றரக்ட் (கண்புரை) வெட்டியிருக்கு, கண்ணை எடுப்பினமோ என்று கேட்டிருந்தீங்கள். பெரும்பாலும் தடையில்லை, தானக் கண்ணிலிருந்து எடுத்துப் பொருத்துவது கற்றரக்டில் மாற்றுகிற வில்லையை அல்ல, முன்பக்கக் கருவிழிப்படலத்தை (கோர்னியா). கொழும்பு 7, வித்யா மாவத்தையில் உள்ள இலங்கைக் கண் தானச் சங்கத்தில் பதியலாம். 1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கியது. தானங்களில் என் முதல் தெரிவும் கண் தானம்தான். கையில் காசில்லாதவரும் கொடுக்கலாமே.

பதிந்தும் வீணாகிறது வீட்டுக்காரர் பிந்திச் சொல்வதால்தான். இறந்து நாலு மணித்தியாலத்துக்குள் கண்ணை எடுக்கவேணும். மலர்ச்சாலைக்காரர் எம்பாம் பண்ணமுதல் (உடல் பழுதாகாமல் மருந்தேற்றமுதல்) சங்கத்துக்குக் கோல் எடுங்கோ, தொற்றுப் பார்க்க இரத்தமும் எடுப்பினம். அதுவரை இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, ஃபேனை நிப்பாட்டி, தலையணை வைத்துத் தலையை உயர்த்திவிடுங்கோ. படலம் காய்ந்தால் உதவாது. சகோதரங்களுக்கும் இப்பவே சொல்லிவையுங்கோ. அந்த நேரத்தில் மறிக்கிறது சொந்தக்காரர்தான். முகம் விகாரமாகாது.