முன்னுக்குத் தொங்கிற வயர்

தம்பி, வின்னிபெக்குக்கு வந்து மூண்டு மாசம், பழைய டீசல் பிக்கப் ஒண்டு வாங்கினது, விடிய மைனஸ் 25இல ஸ்ராட் வருகுதில்லை, கூட்டாளி எஞ்சின் காத்து இழுக்கிற வழியால ஈதர் ஸ்பிறே (லேசாப் பத்துற, ஸ்ராட் பண்ண உதவுற ஸ்பிறே) அடிக்கச் சொல்லுறான், அடிக்கலாமோ எண்டு கேட்டிருக்கிறீர். அதோட இன்சூரன்ஸ், வீடு, ரொறன்ரோவுக்கு மாறுறது எண்டு இன்னும் நாலு கேள்வி. அதுகளுக்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கினம். நான் ஸ்பிறேக்கு மட்டும் சொல்லுறன்: அடியாதையும்.

டீசல் எஞ்சினில பொறி இல்லை. காத்தை நெருக்கிற சூட்டிலதான் பத்தும். குளிருக்கு உதவியா பெரும்பாலும் குளோ பிளக் உள்ளுக்குச் சிவக்கச் சூடாகி நிக்கும். அதில ஈதர் பட்டால் நேரத்துக்கு முன்னமே வெடிச்சு பிஸ்டனையே உடைக்கலாம்.

சாவியைத் திருப்பேக்க எஞ்சின் இழுத்து இழுத்துச் சுத்துதோ? அப்ப பற்றரி, இல்லாட்டில் தடிச்ச ஒயில். 15W-40 ஒயில் விட்டிருந்தால், குளிரில இளகி நிக்கிற 5W-40க்கு மாத்தும். உம்மட பிக்கப்பில பெரும்பாலும் ரெண்டு பற்றரி இருக்கும். தனித்தனியாச் சோதிக்கச் சொல்லும், பழுதானது நல்லதையும் சேர்த்து இழுத்துப்போடும். மைனஸ் 18இலயே பற்றரிக்குப் பாதிப் பலம்தான். இதைப் பாராமல் எனக்கு ஒரு எங்கட ஆள் ரெண்டுதரம் ஸ்ராட்டர் மாத்திக் காசு வாங்கினவர். ஊர்க்காரன் எண்டு நம்பிப் போனது என்ர பிழை.

நல்லாச் சுத்தியும் பத்தேல்லையெண்டால் சைலன்சரைப் பாரும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகுது, பத்துதில்லை. குளோ பிளக்கில சந்தேகப்படும். புகையே இல்லையெண்டால் டீசல் போகேல்லை. அது எனக்கு நடந்த கதை.

யாழ்ப்பாணத்தில பொருளாதாரத் தடை நேரம் மண்ணெண்ணெயில மோட்டசைக்கிள் ஓட்டின ஆக்கள் நாங்கள். நாலு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்துவம். அந்தத் திமிரோடதான் 1999இல பெரிய ட்றக் ஓட வெளிக்கிட்டன். அமெரிக்காவின்ர தெற்கில ஜோர்ஜியாவில டீசல் மலிவெண்டு ரெண்டு ராங்கும் நிரப்பிக்கொண்டு கனடாவில தண்டர் பேக்கு லோட். 17ஆம் நெடுஞ்சாலையில வாவா ஊர்ப் பக்கம் இரவு நிப்பாட்டி, டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினையும் நூத்துப்போட்டுப் படுத்தன். விடிய மைனஸ் 32. ஸ்பிறேயைக் கையில எடுக்க, பக்கத்து ட்றக்கில நிண்ட வெள்ளைக்காரக் கிழவர் அதைப் பறிச்சு எறிஞ்சுபோட்டு டீசல் ஃபில்ரரைக் கழட்டிக் காட்டினார். மார்கழியில போத்திலுக்குள்ள உறைஞ்ச தேங்காயெண்ணெய் மாதிரி, குளிருக்கு டீசல் உறைஞ்சு வெள்ளையா மெழுகு. தெற்கில விக்கிற டீசல் இந்தக் குளிருக்குக் காய்ச்சினதில்லை. புது ஃபில்ரர் போட்டு, மெழுகை இளக்கிற மருந்து விட்டு, பின்னேரமாச்சு வெளிக்கிட. அந்த மனுசன் அவ்வளவு நேரமும் கூட நிண்டவர். ஒரு டொலர் வாங்கேல்லை. பேரும் கேக்கேல்லை நான்.

மெழுகு பிடியாமல் இருக்க விடுற மருந்து வேறை; அதை முதலே, டீசல் இளகி இருக்கேக்க விடவேணும், உறைஞ்சாப் பிறகு விட்டுப் பிரயோசனமில்லை.

இன்னொண்டு. பிக்கப்பின்ர முன் பம்பருக்குக் கீழ பிளக்கோட ஒரு வயர் தொங்குதோ? நானும் முதல் குளிருக்கு அதை ஆரோ விட்டிட்டுப் போன வயர் எண்டு சுருட்டிக் கட்டி வைச்சனான். அதுதான் புளொக் ஹீற்றர், கரண்டில எஞ்சினைச் சூடாக்கி வைக்கிறது. உங்கட பார்க்கிங்கில கரண்ட் பெட்டி நட்டிருக்கிறது கார் கழுவ இல்லை, இதைச் செருகத்தான். வெளிக்கிட மூண்டு நாலு மணித்தியாலத்துக்கு முன்னம் செருகினால் காணும். வெளியில பாவிக்கிற தடிச்ச வயராப் பார்த்து வாங்கும். இண்டைக்கு இரவு டோர்ச் அடிச்சு அந்த வயர் இருக்கோ எண்டு பார்த்துச் சொல்லும். இல்லாட்டில் பூட்டுற வழி சொல்லுறன்.