சித்திரை வெயிலில் சோலார் ஏன் சுணங்குகிறது?

கேள்வி: மாடியில் 540 வாட் பேனல் ஆறு மாட்டியிருக்கிறோம். மின்வாரிய லைனோடு இணைந்த ஆன்-கிரிட் சோலார். பிப்ரவரியில் தினமும் 13 யூனிட் வந்தது. சித்திரை பிறந்ததும் 10-க்கு இறங்கிவிட்டது. மாட்டிக் கொடுத்தவர் ‘வெயில் அதிகம், அதனால்தான்’ என்கிறார். வெயில் கூடினால் கரண்டும் கூடத்தானே வேண்டும்? (வாசகி, ஈரோடு)

பதில்: அவர் சொல்வது பாதிதான் சரி. 540 வாட் என்பது பேனலில் கரண்டை உண்டாக்கும் செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்த கணக்கு. உச்சி வெயிலில் செல் 65 டிகிரியைத் தொடும். டிகிரிக்குச் சுமார் 0.35 சதவீதம் வீதம் 14 சதவீதம் போய்விடும். ஆனால் பிப்ரவரி மதியத்திலும் செல் 55-ஐ எட்டியிருக்குமே! ஆக, சூட்டினால் கூடுதலாக இழந்தது மூன்று, நான்கு சதவீதம்தான். உங்களுக்குக் குறைந்திருப்பதோ 23 சதவீதம்.

மேகமில்லாத ஒரு நாளின் கிராஃபை, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரின் ஆப்பில் பாருங்கள். மேடு முழுவதுமே தாழ்ந்திருந்தால் தூசி. விடிகாலையில் மென்மையான துணியால் கழுவுங்கள். சுடும் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். உப்புத் தண்ணீர் என்றால் உடனே துடைத்துவிட வேண்டும், இல்லையேல் வெள்ளைப் படலம் கட்டும்.

தினமும் அதே நேரத்தில் கத்தியால் வெட்டியதுபோல் பள்ளம் விழுந்தால் நிழல். ஏப்ரல் 20 வாக்கில் ஈரோட்டில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே நகர்கிறது. பிப்ரவரியில் தொந்தரவு தராத வடகிழக்கு மூலைத் தண்ணீர் டேங்க் இப்போது காலையில் பேனலை மறைக்கும். ஆறும் தொடராக இணைந்திருப்பதால் ஒன்றில் விழும் நிழல் மற்றவற்றையும் இழுக்கும்.

மதியத்தில் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து, சில நிமிடத்தில் மறுபடி ஏறுகிறதா? என் சந்தேகம் இதன்மேல்தான். லைன் வோல்டேஜ் வரம்பு தாண்டியதும் இன்வெர்ட்டர் தானாக விலகிக்கொள்கிறது. அந்த நேரத்தில் இன்வெர்ட்டர் காட்டும் வோல்டேஜையும் மீட்டர் அருகிலுள்ள வோல்டேஜையும் எலக்ட்ரீஷியனை விட்டு ஒப்பிடச் சொல்லுங்கள். ஐந்தாறு வோல்ட் வித்தியாசம் இருந்தால் ஒயர் மெலிது, அல்லது முனையில் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. 30 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. செப்பு ஒயர் போதாது, 6 போடுங்கள். இரண்டும் ஒன்றாகவே உயர்ந்திருந்தால் மின்வாரியத்தில் புகார் எழுதுங்கள்.

கேள்வி: கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறதே? (வாசகர், தேனி)

பதில்: நிற்கத்தான் வேண்டும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு உங்கள் வீட்டுக் கரண்ட் பாயக்கூடாது. பகலில் தடையில்லாமல் வேண்டுமென்றால் லைன் இல்லாதபோதும் ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை. ஜெனரேட்டரை ஓடவிட்டு, லைன் இருப்பதுபோல் ஆன்-கிரிட் இன்வெர்ட்டரை ஏமாற்ற நினைக்காதீர்கள். வீட்டில் செலவாகாத கரண்ட் ஜெனரேட்டருக்குள்ளேயே திரும்பிப் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும்.